விழும் பக்கமே திருப்புங்கள்

மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவரா நீங்கள்? தெரியுமென்றால் ஒரு கேள்வி. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி வலப்பக்கமாகச் சாய்கிறது. விழாமல் தப்பிக்கக் கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?

ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு இயற்பியல் மாணவர்களிடம் இதைக் கேட்பது என் வழக்கம். "இடப்பக்கம், சார்" என்ற குரல்தான் முதலில் எழும். அப்படிச் சொல்பவர்களில் பலர் அன்று காலை மிதிவண்டியில் கல்லூரிக்கு வந்தவர்கள்! சொல்கிறபடியே செய்திருந்தால் அவர்கள் கல்லூரி வாயிலை எட்டியிருக்க முடியாது. முதல் தெருமுனையிலேயே விழுந்திருப்பார்கள். சரியான விடை வலப்பக்கம். வண்டி எந்தப் பக்கம் விழப் பார்க்கிறதோ, அந்தப் பக்கமே திருப்ப வேண்டும். கைகளுக்குத் தெரிந்திருக்கும் இந்த விடை வாய்க்குத் தெரிவதில்லை.

வேடிக்கைக்காகக் கேட்டுவந்த இந்தக் கேள்வி, எனக்கு வேடிக்கையாக இல்லாமற் போன நாள் ஒன்று உண்டு. என் அக்காவுக்கு மிதிவண்டி கற்றுக்கொடுக்கப் புகுந்த நாள் அது.

அக்கா ஆரணிக்கு நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு சிற்றூரில் பட்டுத் தறி நெய்கிறார். வயது 42. நெய்து முடித்த சேலையை ஆரணியில் முதலாளி வீட்டில் சேர்த்து, கூலி வாங்கி, அடுத்த சேலைக்குப் பட்டும் சரிகையும் வாங்கி வரவேண்டும். நெடுங்காலம் அக்காவின் கணவர்தான், அதாவது எங்கள் மாமாதான், மொபெட்டில் போய் வந்துகொண்டிருந்தார். குழித்தறியில் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்த முதுகு ஒரு நாள் நிமிர மறுத்துவிட்டது. இனி வண்டி ஓட்டக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதன்பிறகு ஒவ்வொரு சேலைக்கும் யாரையாவது கெஞ்ச வேண்டியதாயிற்று. போகிறவர் கையில் கொடுத்தனுப்பினால், கூலியில் இவ்வளவு ஏன் பிடித்தார்கள் என்று கேட்க ஆளில்லை. இத்தனைக்கும் வீட்டில் ஒரு மிதிவண்டி இருந்தது. மகள் பதினோராம் வகுப்பு படித்தபோது அரசு தந்தது. மகள் வெளியூர் விடுதிக்குப் படிக்கப் போய்விட்டாள். வண்டி தறிக்கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றது.

"இந்த வயசுல எனக்கு எதுக்குடா அது? விழுந்து கைய ஒடிச்சிக்கிட்டா தறியில யாரு உக்கார்றது?" என்றார் அக்கா.

இதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. கை ஒடிந்தால் சில வாரங்களேனும் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பும் நிற்கும். நான் செய்தது என்ன தெரியுமா? பாடம் நடத்தினேன். திண்ணையில் சுண்ணக்கட்டியால் படம் போட்டு, புவியீர்ப்பு மையம், சமநிலை, விழும் பக்கம் திருப்புதல் என்று அரைமணி நேரம் விளக்கினேன். "புரியுதுடா" என்றார். ஏறி உட்கார்ந்தார். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பத்தடி போவதற்குள் வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. அக்காவின் கைகள் இடப்பக்கம் திருப்பின. இருவரும் தெருவில் கிடந்தோம். முழங்கை சிராய்ப்பை விட எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து எழுந்த சிரிப்பே அக்காவுக்கு அதிகம் வலித்தது. மூன்று வாரம் அவர் அந்த வண்டிப் பக்கம் திரும்பவில்லை.

என் விளக்கத்தில் பிழை ஏதும் இல்லை. பிறகு எங்கே தவறு?

கம்பும் உள்ளங்கையும்

முதலில் வண்டியைப் பார்ப்போம். சிறு வயதில் உள்ளங்கையில் ஒரு கம்பைச் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். கம்பு வலப்பக்கம் சாய்ந்தால் கையை எந்தப் பக்கம் கொண்டு போவீர்கள்? வலப்பக்கம்தான். சாய்கிற மேல்முனைக்கு அடியில் அடிமுனையைக் கொண்டு சேர்த்தால் கம்பு நிமிர்கிறது. மிதிவண்டியும் அதில் அமர்ந்திருப்பவரும் சேர்ந்து அத்தகைய ஒரு கம்பு. வலப்பக்கம் சாயும்போது கைப்பிடியை வலப்பக்கம் திருப்பினால், சக்கரங்கள் வலப்பக்கமாக வளைந்தோடி, சாயும் உடலுக்கு அடியில் வந்து தாங்கிக்கொள்கின்றன. இடப்பக்கம் திருப்பினாலோ, சக்கரங்கள் உடலை விட்டு விலகி ஓடுகின்றன. காலை வாரிவிட்டாற்போல் விழவேண்டியதுதான்.

வேகம் இங்கே ஏன் முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்கால் காணலாம். வளைவில் செல்லும் பொருளின் மையநோக்கு முடுக்கம், வேகத்தின் இருமடியை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. இரு சக்கரங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளி என்று கொள்ளுங்கள். கைப்பிடியை 10 பாகை திருப்பினால் வண்டி சுமார் 5.7 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்லும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் இந்தத் திருப்பம் ஏறத்தாழ 2 பாகைச் சாய்வைத்தான் தாங்கும். வேகம் 10 கிலோமீட்டரானால் அதே திருப்பம் ஏறத்தாழ 8 பாகைச் சாய்வைத் தாங்கும். வேகம் இரண்டு மடங்கு. காப்பாற்றும் ஆற்றல் நான்கு மடங்கு! மெதுவாகப் போகிறவர் கைப்பிடியை அப்படியும் இப்படியும் பெரிதாக ஒடித்துத் திண்டாடுவதும், வேகமாகப் போகிறவர் கையை அசைத்ததே தெரியாமல் போவதும் இதனால்தான்.

இன்னொரு வியப்பும் உண்டு. உங்கள் வீட்டு வண்டியை இருக்கையை மட்டும் பிடித்து நிறுத்துங்கள். கைப்பிடியைத் தொடாதீர்கள். இப்போது வண்டியை மெல்ல வலப்பக்கம் சாயுங்கள். முன் சக்கரம் தானாகவே வலப்பக்கம் திரும்புவதைக் காண்பீர்கள். நம் அறிவுரையை வண்டி முன்பே அறிந்து வைத்திருக்கிறது! முன்கவையின் சாய்வு அப்படி அமைந்திருக்கிறது. கைப்பிடித் தண்டின் கோட்டைக் கீழே நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் சக்கரம் தரையைத் தொடுகிறது.

சக்கரங்கள் பம்பரம்போல் சுழல்வதால்தான் வண்டி விழாமல் நிற்கிறது என்று நம்மில் பலர் படித்திருக்கிறோம். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர், எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தை வண்டியில் பொருத்திப் பம்பர விளைவை அழித்து, அப்போதும் அதை ஓட்ட முடிகிறது என்பதைக் காட்டி 1970 இல் கட்டுரை எழுதினார். 2011 இல் அமெரிக்காவின் கார்னெல், ஹாலந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோர் ஒருபடி மேலே சென்றனர். பம்பர விளைவும் இல்லாமல், முன்சக்கரம் பின்தள்ளித் தரையைத் தொடும் அமைப்பும் இல்லாமல், தள்ளிவிட்டால் ஆளின்றித் தானே நிமிர்ந்தோடும் ஒரு சோதனை வண்டியைச் செய்து காட்டினர். ஆனால் அந்த வண்டியும் ஒன்றை மட்டும் தவறாமல் செய்தது: விழும் பக்கம் திரும்பியது.

அஞ்சிய உடல்

இனி, வண்டியின் மேல் அமர்ந்திருப்பவரைப் பார்ப்போம். இருட்டில் காலடியில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று எண்ணித் துள்ளி விலகுகிறோம். 'பாம்பு' என்ற எண்ணம் மனத்தில் தெளிவாக உருவாகும் முன்பே கால் விலகிவிட்டிருக்கும். மூளையின் உட்புறத்தில், இரு பொட்டுகளின் பக்கமாகவும் பாதாம்பருப்பு வடிவில் அமைந்த இரண்டு சிறு பகுதிகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. அமிக்டலா என்று பெயர். இது எச்சரிக்கை எழுப்பியதும், சிறுநீரகங்களின் மேல் குல்லாய் போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, கண் ஆபத்தின்மீதே நிலைக்கிறது. போரிடவோ ஓடவோ உடல் தயாராகிவிட்டது. இதனை விரிவாக ஆராய்ந்து 1915 இல் நூலாக எழுதியவர் வால்ட்டர் கானன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர்.

பாம்புக்கு இது சரி. மிதிவண்டிக்கோ இதைவிடக் கெடுதலான ஏற்பாட்டை யாராலும் செய்ய முடியாது. முறுக்கேறிய கைகள் கைப்பிடியை இறுகப் பற்றுகின்றன; தானாகத் திரும்பிக் காப்பாற்ற வந்த முன்சக்கரத்தைத் திரும்பவிடாமல் பூட்டிவிடுகின்றன. பயந்தவர் மெதுவாகப் போகிறார். கணக்கின்படி அவருடைய காப்பு நான்கில் ஒன்றாகக் குறைகிறது. கண்ணோ முன்சக்கரத்தையும், அதன் வழியிலுள்ள கல்லையும் விட்டு அகலாது. கண் போன இடத்துக்கே வண்டியும் போகும். புதிதாக ஓட்டியவர் எவரைக் கேட்டாலும் அந்தக் கல்லின்மீதே ஏற்றிய கதையைச் சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலாக, 'ஆபத்து இருக்கும் பக்கத்திலிருந்து விலகு' என்பதே உடலின் பழைய பாடம். சுடுகின்ற சட்டியிலிருந்து கையை இழுக்கிறோம் அல்லவா? வலப்பக்கம் விழப் போகிறோம் என்றால் இடப்பக்கம் திரும்பச் சொல்கிறது அந்தப் பாடம்.

கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கும் இது புரியும். பயந்தவன் தலையையும் கைகளையும் நீருக்கு மேலே தூக்கப் பார்க்கிறான். நீருக்கு வெளியே வந்த உறுப்புகளை நீர் தாங்காது. அந்த எடையும் சேர்ந்து உடலை உள்ளே அழுத்துகிறது.

ஆக, அக்காவைத் தள்ளிவிட்டது அறியாமையன்று. நான் நடத்திய பாடம் நிதானமாகச் சிந்திக்கும் மூளைக்குப் போய்ச் சேர்ந்தது. கைகளை அப்போது ஆண்டுகொண்டிருந்ததோ வேறொன்று. அதற்குத் தமிழும் தெரியாது, இயற்பியலும் தெரியாது.

"அம்மா இப்படியா உக்கார வெச்சாங்க?"

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை, தறிக்கருகில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். நாடாவை எறிந்துகொண்டே அக்கா கேட்டார்: "ஏன்டா, தறியில என்ன அம்மா இப்படியா உக்கார வெச்சாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. தறிக்குப் புதிதாக வருபவரிடம் யாரும் முதல் நாளே சரிகைக் கரையைத் தருவதில்லை. முதலில் தார் சுற்ற விடுவார்கள். பிறகு அறுந்த இழையை முடியச் சொல்வார்கள். பிறகு பெரியவர் பக்கத்தில் இருக்க, கரை வேலை இல்லாத வெறும் பகுதியில் நான்கு விரற்கடை. கால் மிதியிலும் கை நாடாவிலும் பழகி, கெட்டுப்போனால் பிரித்துவிடலாம் என்ற நிலையிலேயே மாதக்கணக்கில் ஓட்டி, அதன்பிறகுதான் விலையுள்ள வேலை. எங்கள் அம்மா அறிந்திருந்ததை நான் மறந்துவிட்டிருந்தேன்.

அறிவியலும் இதையேதான் கண்டுபிடித்தது. 1924 இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலார், அச்சத்தைப் போக்கும் வழிகளைக் குழந்தைகளிடம் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார். அஞ்சும் பொருளைக் கண்ணில் காட்டாமலே வைத்திருப்பது பயன் தரவில்லை. 'அது ஒன்றும் செய்யாது' என்று நயமாகப் பேசுவதும் பெரிதும் உதவவில்லை. மற்றவர்கள் கேலி செய்வது அச்சத்தை வளர்க்கவும் கூடும் என்று கண்டார். இரண்டு வழிகள்தாம் நன்றாகப் பயன்பட்டன. ஒன்று, அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக, மகிழ்ச்சியான ஒன்றோடு சேர்த்து அருகே கொண்டுவருவது. மற்றொன்று, அஞ்சாத பிற குழந்தைகள் அதனோடு பழகுவதைக் காணச் செய்வது. மூன்று வயதை நெருங்கிய பீட்டர் என்ற சிறுவன் முயலைக் கண்டால் அலறுவான். அவன் விரும்பியதைத் தின்றுகொண்டிருக்கும்போது, கூண்டிலிருந்த முயலைத் தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் நெருக்கிக் கொண்டுவந்தார் ஜோன்ஸ். இறுதியில் சிறுவன் முயலை வருடிக்கொடுத்தான்.

ஜோன்ஸின் பட்டியலோடு என் முதல் முயற்சியை ஒப்பிட்டுப் பார்த்தேன். நயமான பேச்சு, நான் செய்தது. கேலி, எதிர்வீட்டுத் திண்ணை செய்தது. சுவரில் சாத்தி வைத்த மூன்று வாரம், கண்ணில் காட்டாமல் வைத்த முறை. பயன்படாதவை மூன்றையும் பிழையின்றிச் செய்து முடித்திருந்தோம்!

பெடல் இல்லாத வண்டி

ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் 1817 ஜூன் மாதம் கார்ல் ஃபான் டிரைஸ் என்பவர் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது. மரத்தாலானது. நடுவே அமர்ந்து, இரு கால்களாலும் தரையை உந்தி உந்தி ஓட்ட வேண்டும். முன்சக்கரத்தில் பெடல் பொருத்திய வண்டிகள் பாரிசில் 1860களில்தான் பரவின. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு இடைவெளி! காலைத் தரையிலிருந்து எடுக்கவே மனிதன் அஞ்சியதும் இதற்கு ஒரு காரணம் என்று சிலர் கருதுகின்றனர். அக்காவைப் பார்த்தபின் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

நம்மூர்ச் சிறுவர்கள் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். வாடகை சைக்கிள் கடையில் கிடைத்ததெல்லாம் பெரியவர்களுக்கான வண்டி. இருக்கையில் ஏறினால் கால் எட்டாது. எனவே குறுக்குக் கம்பிக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, அரைப் பெடல் போட்டு ஓட்டினார்கள். குரங்குப் பெடல் என்றால் உங்களில் நாற்பதைக் கடந்தவர்கள் சிரிப்பீர்கள். பார்க்க அழகில்லைதான். ஆனால் எந்த நொடியும் காலைத் தரையில் ஊன்றிவிடலாம். கற்பவனுக்கு வேண்டியது அதுவே.

நாங்கள் டிரைஸ் வழியைப் பிடித்தோம். கடையில் இரு பெடல்களையும் கழற்றச் சொன்னபோது, ஓட்டுவதற்குத்தானே என்று கடைக்காரர் என்னை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார். (வீட்டிலேயே கழற்றப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இடப் பெடலின் மரை எதிர்ப்புறமாக வெட்டப்பட்டது. வழக்கம்போல் திருகினால் இன்னும் இறுகும்.) இரு பாதங்களும் முழுதாகத் தரையில் படியுமளவு இருக்கையைத் தாழ்த்தினோம். விடியற்காலை, ஊர் எழுமுன், சற்றே சரிவான நெற்களம். திண்ணைச் சிரிப்புக்கு வழியில்லை.

முதல் நாள் அக்கா வண்டியில் அமர்ந்து வெறுமனே நடந்தார். இரண்டாம் நாள் நடை நீண்டது. அடிக்கும் அடிக்கும் இடையே கால் தரையைத் தொடாத கணங்கள் வந்தன. நான் எதுவும் விளக்கவில்லை. களத்தின் மறுகோடியில் இருந்த வேப்பமரத்தைப் பார்க்கச் சொன்னதோடு சரி. நான்காம் நாளென்று நினைவு. சரிவில் இரு கால்களையும் தூக்கிக்கொண்டு மரம்வரை உருண்டு போனார். நடுவில் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. கைப்பிடி இடப்பக்கம் திரும்பி நிமிர்ந்தது. "எந்தப் பக்கம் திருப்பினே?" என்று கேட்டேன். "நான் எங்கடா திருப்பினேன்? அதுவே போச்சு" என்றார். பிழைக்கு விலை குறைந்ததும் கை தளர்ந்தது. கை தளர்ந்ததும் வண்டி தனக்குத் தெரிந்ததைச் செய்தது. அடுத்த வாரம் பெடல்களைத் திரும்பப் பூட்டினோம். தறி மிதித்த கால்களுக்குப் பெடல் ஒரு பொருட்டாகவே இல்லை.

பத்து நாளில் களத்துக்கு இன்னும் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். இருவரும் பக்கத்துத் தறிக்காரர்கள். அக்கா ஓட்டியதைப் பார்த்து வந்தவர்கள். நான் ஓட்டியதை இத்தனை ஆண்டுகளாகப் பார்த்து யாரும் வரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

புதுக்கோட்டைப் பெண்கள்

பிறர் செய்யக் காண்பது எவ்வளவு பெரிய மருந்து என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு மாபெரும் சான்று உண்டு. 1991 இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு மிதிவண்டியையும் பாடத்தில் சேர்த்தார்கள். பெண் பணியாளர்கள் வண்டி வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார் ஆட்சியர். கல் உடைப்போர், வயல் வேலை செய்வோர், அங்கன்வாடிப் பணியாளர், பள்ளி ஆசிரியைகள் எனக் கூட்டம் கூட்டமாகப் பழகினார்கள். 1992 மகளிர் நாளன்று புதுக்கோட்டை நகர வீதிகளில் 1,500க்கு மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி மணியடித்துச் சென்றனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் அந்த மாவட்டத்தில் மிதிவண்டி கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார்.

பெண்களுக்கான வண்டி போதாமல், குறுக்குக் கம்பியுள்ள ஆண்கள் வண்டியிலேயே பலர் பழகினர். சிலருக்கு அதுவே பிடித்தும் போயிற்று. அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமாம்! அங்கேயும் கேலி இருந்தது. ஆனால் ஒருத்தி விழுந்தால் சிரிக்கும் தெரு, ஐம்பது பேர் சேர்ந்து விழுந்தால் எத்தனை நாள் சிரிக்கும்?

அச்சம் முற்றிலும் அழிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நாய்களில் ஆராய்ந்த பாவ்லோவ் காலத்திலிருந்தே அறிந்த செய்தி இது. பழகிய எதிர்வினை அடங்கிப்போனாலும் அழிவதில்லை. இடைவெளி விட்டால் தலைகாட்டும். பழைய அச்சத்தின் மேல் புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது, அவ்வளவே. களத்தில் எழுதிய பாடம் நெடுஞ்சாலைக்கு அப்படியே செல்லுபடியாகாது. அங்கே புதிதாக எழுத வேண்டும்.

அக்கா இப்போது சேலையைத் துணியில் சுற்றி, பையிலிட்டு, முன்கூடையில் வைத்துக்கொண்டு தாமே ஆரணிக்குப் போய்வருகிறார். பிடித்தம் ஏன் என்று கேட்கவும் செய்கிறார். வழியில் அரிசி ஆலை லாரிகள் திரும்பும் ஒரு முனை இருக்கிறது. அங்கே வந்ததும் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து, முனை தாண்டியதும் மறுபடி ஏறிக்கொள்கிறார். "அதையும் ஓட்டியே கடக்கலாமே?" என்று சென்ற மாதம் கேட்டேன்.

"கடப்பேன்டா. லாரி இல்லாத ஞாயித்துக்கெழமையா பாத்து ரெண்டு தடவ போய்ட்டு வந்திருக்கேன்" என்றார்.